ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர்களுக்கு நல்ல துணி ஞாபகத்தில் நிற்காது, ஓட்டைதான் நிற்கும். வேலம்பாளையத்தில் நான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். அயர்னிங் டேபிளின் ஆவி வாசத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கூட வாசலில் பெயர் கூப்பிடக் காத்திருந்தவர்களே, இது உங்களுக்கு.

வெளுப்பு

மகளுக்கு அப்போது ஒரு வயது. மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து டேபிள் சரசக்கா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் துணியில் அழுக்குத் தேடிப் பழகிய கண். "ஏங்கண்ணு, ப்ளீச்சிங் போட்டு எடுத்தாப்ல இருக்கறயே. இன்னைக்கே போயி ரத்தம் பாரு."

ஒரே வேனில்

கோவையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தப் புற்று இல்லை, அதற்கு முந்தின படி என்றார் டாக்டர். எல்லோருக்கும் அது புற்றாக மாறுவதில்லை. குரோமோசோம் சோதனை முடிந்தால்தான் என் கதை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமாம். அதுவரை ரத்தம் ஏற்ற வேண்டும்.

கட்டிங் செக்ஷன் ஆட்கள் ஷிப்ட் முடிந்து ரத்தம் கொடுக்க ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். சாத்தூர்க்காரரான கட்டிங் மாஸ்டரை மட்டும் எடை போதாது என்று நர்ஸ் திருப்பி அனுப்பினார். அவர் நகரவில்லை. "டீ குடிச்சே வளந்த ஒடம்புதான் தாயி. அதுக்காவ ரத்தம் இல்லாமலா கெடக்கு?"

ரிசல்ட்

கான்வென்டில் படித்த தைரியத்தில் கம்பெனி போனிலிருந்து நானே லேபைக் கூப்பிட்டேன். ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்றார்கள். போனை வைத்துவிட்டேன். துண்டு குறைந்த பனியன் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாதா? ரிஜெக்ட் பெட்டிக்குத்தான். சரசக்காவிடம் சொன்னேன். அவர் அழுதார், அவரைப் பார்த்து டெய்லர்கள் அழுதார்கள், லைனே நின்றுபோனது.

மறுநாள் டாக்டர் சிரித்தார். "வேறு கோளாறு இல்லாமல் அது மட்டும் குறைந்திருந்தால் இந்த நோயில் நல்ல வகைம்மா. மெதுவாகத்தான் போகும். உறுதி தர மாட்டேன், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை." கம்பெனிக்கு வந்து சொன்னேன். சரசக்கா மூக்கைச் சிந்திக்கொண்டார். "இத நேத்தே கேட்டுத் தொலைச்சிருந்தா என்ன, கண்ணு? ஒரு ஷிப்ட் புரொடக்சன் போச்சு."

வேலையை விட்டாயிற்று, மகள் எல்.கே.ஜி. சேர்ந்தாயிற்று; அடுத்த சோதனை வரைக்கும் பயப்படுவதுதான் இப்போது என் முழுநேர வேலை, அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.