அஞ்சலிப் பதாகைக்கு ஒரு பழைய கேமரா

போன வாரம் முடிச்சூரில் ஓர் அஞ்சலிப் பதாகையைக் கடந்து காய்கறி வாங்கப் போனேன். யாரோ இளம்பெண், பாவம் என்று நினைத்தேன். பெயரைப் படிக்க நிற்கவில்லை.

அது என் நெடுநாள் தோழி சரோஜா. அவள் மகன் செல்பேசியில் எடுத்த படமாம். அந்தச் செல்பேசி அவளுடைய எழுபது வயதையும் தானாகவே வழித்துத் துடைத்திருந்தது. அவளுடைய இறுதிச் சடங்கு எனக்கு இப்படித்தான் தவறிப்போனது.

இன்று என் பழைய மிரர்லெஸ் கேமராவைத் தாம்பரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்று, இன்னும் உதவுமா என்று கேட்டேன்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப வர்றதோட பார்த்தா ரொம்ப ஸ்லோ மேடம். ஃபோகஸ் திணறும். ஓடற குழந்தையெல்லாம் பிடிக்காது."

"நான் ஓடப்போறதில்ல. என் அஞ்சலி பேனருக்குத்தான் படம்."

"ஐயோ, ஏம்மா காலங்காத்தால இப்படிப் பேசறீங்க?" என்றவர், என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சுருக்கம், கரும்புள்ளி எல்லாம் அப்படியே விழுது மேடம். போன்லயே எடுத்துக்குங்க, சூப்பரா வரும்."

கேமரா தேறிவிட்டது.

படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். அடையாளம் தெரிகிறதா என்று சொல்லுங்கள். அழகாக இருக்கிறேன் என்பவர்களை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.