மூச்சு வாங்கும் பாட்டு

மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்ற என் மச்சானை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. என் மனைவியின் அண்ணன். சிதம்பரத்தில் மார்கழி பஜனைக் கோஷ்டிக்கு முன்னால் நின்று பாடுகிறவர். நுரையீரல் கெட்டுப்போய் வைத்தியத்துக்காகக் கடலூர் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். இனிமேல் பாடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே மைதானத்தில் நடந்துகொண்டு பாடிப் பார்த்தார் மனுஷர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"போதும் மச்சான். வேற யாராச்சும் பாடட்டும்" என்றேன்.

"பாட்ட வுட்டுட்டு நான் எதுக்கு மாப்ள இருக்கணும்?" என்றார்.

பஜனையில் முன்னால் நிற்பவர் ஓர் அடி பாட, பின்னால் வருகிறவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அவருடைய பழைய பாட்டுகள் நீள நீளமானவை. ஓர் அடி முடிவதற்குள் தெருமுனை வந்துவிடும். அந்த மார்கழிக்குப் புதிதாக ஒன்று கட்டினார். "அய்யா வா, அருகே வா" என்று இரண்டிரண்டு சொல்தான். மெட்டில் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. ஒவ்வோர் அடியும் 'வா' என்றே முடியும். "வாய் தெறந்தே இருக்கும் மாப்ள. மூச்ச இழுத்துக்குறது ஒருத்தருக்கும் தெரியாது" என்று கண்ணைச் சிமிட்டினார். கூட்டம் திருப்பிப் பாடும்போது இன்னொரு மூச்சு கிடைக்கும். மூன்றாவது அடி மட்டும் கொஞ்சம் நீளம்; அதன் நடுவில் தாங்காமல் சட்டென்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்.

மார்கழி பிறந்ததும் சிதம்பரம் திரும்பிப் பாடினார். ஊரே கொண்டாடியது. "இவ்ளோ ஈசியா ஒரு பாட்டா! எங்க வூட்டு வாண்டுகூட பாடுது" என்றார்கள். அந்த அடிகளின் நீளம் ஒரு மனுஷருக்கு மிச்சமிருந்த மூச்சின் நீளம் என்று யாரிடம் போய்ச் சொல்ல? மார்கழி முழுக்க அவரே பாடினார். மாசியில் போய்ச் சேர்ந்தார்.

ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. இந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, மனைவியோடு சிதம்பரம் தெற்கு வீதியில் நின்றிருந்தேன். பனிக்குள் கோஷ்டி வந்தது, மச்சானுடைய அதே 'அய்யா வா' பாட்டோடு. முன்னால் பாடியவன் கட்டுமஸ்தான இளைஞன். ஒரே மூச்சில் பாட்டு முழுவதையும் பாடி முடித்துவிடக்கூடியவன். மூன்றாவது அடியின் நடுவில் அவனும் சட்டென்று நின்றான். மூச்சு வாங்கினான். பின்னால் வந்த பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் அதே இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள் பாவம்.

என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, எங்கண்ணனுக்கு இன்னும் மூச்சு வாங்குதுங்க" என்றாள்.