வேர்க்காத மகள்

இங்கே இருட்டோடு எழுந்து வேலை பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. கடிகாரம் ஐந்தரையைத் தொடுவதற்குள் வெயில் ஜன்னல் ஏறி வந்து முகத்தில் உட்கார்ந்துவிடும். சாயங்காலம் டீ ஆறுவதற்குள் சூரியன் கடையைக் கட்டிவிடும். வானம் கடலுக்கு இந்தப் பக்கம் தீவில், கடிகாரம் மட்டும் அந்தப் பக்கம் மெயின்லேண்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரமக்குடியிலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிதில், நேரமாகிவிட்டது என்று அலறியடித்து எழுந்து, உலை வைத்து, சோறும் வடித்துவிட்டுப் பார்த்தால் ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்.

அந்தக் காலை வெயிலில்தான் என் மகள் கயல் சைக்கிள் ஓட்டுகிறாள். இந்தத் தீவில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பைத்தியம். மேடும் பள்ளமுமான ரோடு, அதில் ஏறி ஏறி அவர்கள் கால் இரும்பாகிவிடுகிறது. ஆனால் போன வருஷம் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பயிற்சி ஓட்டத்தில் கயல் சைக்கிளோடு சரிந்து விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் படுக்கவைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. உடம்பிலிருந்த நீரும் உப்பும் வேர்வையோடு போய்விட்டது என்றார் டாக்டர். அன்றைக்கே சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பிள்ளை மாதக்கணக்கில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சாவியை என்னிடமிருந்து வாங்கியது ஒரு ஸ்டிக்கர். அவளுடைய கோச் பிஸ்வாஸ் சார், இங்கேயே பிறந்த வங்காளி, மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தது. ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும், தோல் போலவே வளையும். முன்கையில் ஒட்டினால், அடியிலிருக்கும் ஊசிமுனைத் துளை வழியாக வேர்வை உள்ளே ஏறும். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கால்வாய் சுற்றிச் சுற்றிப் போகிறது. வேர்வை அதில் நீலமாக ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு தூரம் ஊர்ந்ததோ அவ்வளவு வேர்த்திருக்கிறது என்று அர்த்தம். நடுவிலுள்ள பொட்டின் நிறத்தைப் போனில் படம் பிடித்தால் எவ்வளவு உப்பு போகிறது என்று வந்துவிடும். எப்போது, எவ்வளவு குடிக்கவேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அபர்டீன் பஜாரில் செல்போன் கடையில் நிற்கிறவள் நான், தினம் தினம் புதுச் சாமான் பார்க்கிறேன். இதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். “இது சரின்னு சொல்ற வரைக்கும் ஓட்டு. கோளாறுன்னு ஒரு தடவை சொன்னாலும் சாவி எங்கிட்ட வந்துடணும்” என்றேன். கயல் சரி என்றாள்.

மெயின்லேண்டில் நடக்கும் சைக்கிள் பந்தயப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. பல சுற்று ஓட்டவேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் பிள்ளைகள் நின்று கையைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். மழை தூறித் தூறி வெயிலடித்தது. எல்லாப் பிள்ளைகளும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அதில் எது மழை, எது வேர்வை, எது தலையில் கொட்டிக்கொண்ட பாட்டில் தண்ணீர் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டாவது சுற்றில் கயலின் கையைப் பிடித்த பிஸ்வாஸ் சார் விடவேயில்லை.

“பாபி, இஸ்கோ பசீனா நஹீ ஆ ரஹா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிள்ளைக்கு வேர்க்கவேயில்லையாம்.

எனக்குச் சந்தோஷம். எங்கள் ஊரில் வேர்க்காமல் வேலை செய்கிறவர் என்றால் களைப்பே அறியாதவர். “அச்சா ஹை நா, சார்!” நல்லதுதானே என்றேன் பல்லெல்லாம் தெரிய.

“க்யா அச்சா? தூப் மே பசீனா பந்த் ஹுவா தோ பச்சி கிர் ஜாயேகி!”

வெயிலில் வேர்வை நின்றுபோனால் பிள்ளை விழுந்துவிடுவாள் என்கிறார். பெரார்கஞ்ச் ரோடு கண் முன்னால் வந்தது. “சைக்கிளை விட்டு இறங்குடி” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, மே டீக் ஹூன், நல்லாத்தான் இருக்கேன்! சத்தியமா ஒண்ணும் பண்ணலம்மா” என்று அழுதாள் கயல்.

பிஸ்வாஸ் சார் ஸ்டிக்கரை உரித்துத் திருப்பினார். அடியில் வெள்ளையாகக் களிம்பு மாதிரி அப்பியிருந்தது. நீலக் கோடு துளை வாயிலேயே நின்றிருந்தது. “யே க்யா லகாயா?” என்றார், என்ன பூசினாய் என்று.

கயல் என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தாள். முக்கியமான நாளென்று மனிதர் காலையிலேயே சாமி கும்பிட்டு, விபூதியைத் தண்ணீரில் குழைத்து, மகளுக்கு நெற்றியில் மட்டுமில்லாமல் இரண்டு முன்கையிலும் பட்டை பட்டையாகப் பூசியிருக்கிறார். ஸ்டிக்கரை வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் கோச். இவள் அந்த விபூதி மேலேயே ஒட்டியிருக்கிறாள், துளை அடைத்துக்கொண்டது.

“தொடச்சிட்டு ஒட்ட வேண்டியதுதானே?” என்றேன்.

“விபூதிய எப்படிம்மா அழிக்கிறது?” என்றாள்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதிதாக ஒன்றை ஒட்டினார்கள். பிஸ்வாஸ் சார் அவளை நிழலில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே மிதிக்கவைத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் காணோம். பிறகு துளை வாயில் ஒரு நீலப் புள்ளி. அது நீண்டது, வளைவில் திரும்பியது, அடுத்த வளைவுக்கும் போனது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பெற்ற பிள்ளைக்கு வேர்க்கிறது என்று ரோட்டில் நின்று கைதட்டியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளுக்குத் தனியாக ஒரு நேரம் கொடுத்து ஓட்டவிட்டார்கள். முகாமுக்கு எடுத்த பெயர்களில் அவள் பெயரும் இருந்தது.

“அகலி பார் சிர்ஃப் மாத்தே பர், பாய் சாப்” என்று பிஸ்வாஸ் சார் என் வீட்டுக்காரரிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், அடுத்த தடவை நெற்றியோடு நிறுத்தச் சொல்லி. “சாமி காப்பாத்திடுச்சுல்ல?” என்றார் இவர், ஒன்றுமே நடக்காதது போல. எனக்குத் திட்டக்கூட வரவில்லை. மனசு அவ்வளவு லேசாகிக் கிடந்தது.

முகாம் மதுரைப் பக்கம். என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். ஆனால் கயல், எங்கோ வெளிதேசம் போகிறவள் போல, “அங்க க்ளைமேட் எப்படிம்மா?” என்று கேட்டாள்.

“அங்க காத்து காஞ்சது. வேர்க்கும், ஆனா கையில நிக்காது, உடனே உலர்ந்துடும். உப்புதான் வெள்ளையாப் பூத்து நிக்கும். வேர்க்கலைன்னு நெனச்சுத் தண்ணி குடிக்காம இருந்துடாத” என்றேன். வேலை முடிந்து வரும் என் அப்பாவின் சட்டை முதுகில் அந்த உப்பு வரி வரியாக இருக்கும். பிறந்த ஊரின் வெயிலை மகளுக்கு இப்படிப் பாடம் எடுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

“இப்ப நீ அங்க போனா ஒனக்கு எப்படிம்மா வேர்க்கும்?” என்றாள்.

கையை நீட்டிப் பார்த்தேன். என் முன்கையில் வேர்வை முத்து முத்தாக, காயாமல் நின்றிருந்தது. இத்தனை வருஷமாக இந்தத் தீவில் வேர்த்துப் பழகிய கை அது, அந்த ஊர் வெயிலில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.