அனுசுயா போட்ட கேபிள்

புதிதாக ஒரு கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் அனுசுயாவை வாட்ச்மேன்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "ஏனுங்க, சிஸ்டம் பாக்க ஆளு வரலீங்களா?"

ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் கருவிப் பை இருக்கும். தோளில் கேபிள் வளையம் தொங்கும். அதையெல்லாம் பார்த்துவிட்டும் கேட்பார்கள். "நாந்தாங்க ஆளு" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போவாள். ஆரம்பத்தில் கோபம் வந்ததுண்டு. இப்போது சிரிப்புத்தான் வருகிறது. இருபதுக்குக் குறையாத கம்பெனிகள் ஏதாவது ஒன்று நின்றுபோனால் முதலில் அவள் நம்பரைத்தான் அழுத்துகின்றன. அந்தத் தெம்பு.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் அம்மாவோடு திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. அந்தக் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கிற கம்ப்யூட்டரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். லாரி வாசலில் நிற்கிறது, ஸ்டிக்கர் அடிக்க ஆளில்லை. "நான் பாக்கட்டுமா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டவள் அனுசுயா. தினமும் அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போது அவர் எதையெதை அழுத்துகிறார் என்று பார்த்து வைத்திருந்தாள். லாரி கிளம்பியது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குமார் நகரில் கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு ஒரு கடையில் கேபிள் இழுக்கிற வேலை, பிறகு தனியாக. நடுவில் ஓவர்லாக் டெய்லர் இளங்கோவோடு கல்யாணம். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுக்குப் போன் வந்தது. பல்லடம் ரோட்டில் டி-ஷர்ட் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிற செங்கோட்டையன்.

"அம்மணி, என்னைய நெனப்பிருக்குதுங்களா? பதினோரு வருசத்துக்கு முந்தி நம்ம பட்டறைக்கு நீங்கதான் கம்ப்யூட்டர் இணைப்பெல்லாம் போட்டுக் குடுத்தீங்க."

நினைப்பிருந்தது. அப்போது அது இரண்டே மேஜை போட்டுக் கையால் அச்சடித்த, பாதி காலியாகக் கிடந்த நீளக் கொட்டகை. பட்டறை வளர்ந்ததும் அவர் ஒரு பெரிய சர்வீஸ் நிறுவனத்துக்கு மாறிவிட்டார். பழைய கேபிளையெல்லாம் அவர்கள் மாற்றியிருப்பார்கள் என்று அனுசுயாவும் அதை மறந்துவிட்டாள்.

"மூணு மாசமாச்சுங்க. சர்வர்ல இருந்து ஒரு டிசைனை எடுக்கோணும்னா அரைமணி நேரம். பாதில நின்னும் போயிருதுங்க. ஒருத்தர் வந்து ஸ்விட்சை மாத்துனாரு. இன்னொருத்தர் சர்வரையே அழிச்சுப் புதுசாப் போட்டாரு. இப்ப சர்வரே புதுசா வாங்கோணுங்கறாங்க. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

பட்டறை அடையாளமே தெரியவில்லை. முன்னால் ஏசி போட்ட ஆபீஸ், அதில்தான் டிசைன்களையெல்லாம் சேமித்து வைத்திருக்கிற சர்வர். நடுவில் அந்தப் பழைய நீளக் கொட்டகை, இப்போது மெஷின்கள் நிறைந்து. கடைசியில் டிசைன் ரூம், அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். டிசைன் ரூமுக்குப் பொறுப்பாக இருந்தவன் முனீஸ். அருப்புக்கோட்டைக்காரன், முப்பது வயது இருக்கும். அனுசுயாவின் பேச்சைக் கேட்டதுமே ஊர்ப்பக்கம் என்று கண்டுகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எனக்கு இங்கன இருக்கவே பிடிக்கலக்கா" என்றான். "வேலை நடக்கலன்னா முதலாளி எங்களத்தான் பேசுதாரு. செல்போன நோண்டிக்கிட்டே இருக்கானுகன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ஃபைல் வர்ற வரைக்கும் வேற என்னக்கா செய்யிறது?"

அவன் சொன்ன கதை இதுதான். ஃபைல் வராததால் பென்டிரைவில் போட்டு, கொட்டகையைக் கடந்து ஆபீசுக்கும் டிசைன் ரூமுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருநாள் திருத்திய டிசைனுக்குப் பதில் பழைய டிசைன் பென்டிரைவில் போய்விட்டது. எண்ணூறு பீஸில் பச்சை இலை வரவேண்டிய இடத்தில் நீல இலை. பழி முனீஸ் மேல் விழுந்தது. வேறு கம்பெனியில் பேசி வைத்துவிட்டான். மாதக் கடைசியில் கிளம்புகிற யோசனை.

அனுசுயா அன்று எதையும் கழற்றவில்லை. ஒரு ஜிபி அளவில் ஒரு ஃபைலை எடுத்து 'சோதனை' என்று பெயர் வைத்தாள். அதையே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வரிலிருந்து இழுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஆபீஸில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் பத்து விநாடியில் வந்துவிட்டது. அப்படியென்றால் சர்வருக்கு நோயில்லை. டிசைன் ரூமில் மூன்றுக்கும் ஒன்றரை நிமிஷம் ஆனது. முனீஸின் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து ஆபீஸில் மாட்டினாள். பத்து விநாடி. டிசைன் ரூமுக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்த்தாள். அதுவும் பத்து விநாடிதான்.

சர்வரும் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர்களும் நன்றாக இருக்கின்றன. மிச்சமிருப்பது இரண்டு அறைகளையும் இணைக்கிற ஒற்றைக் கேபிள். ஆபீஸில் கேபிள்களெல்லாம் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியில் அந்தக் கேபிள் சொருகியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். மற்ற விளக்குகளெல்லாம் பச்சை. அது மட்டும் ஆரஞ்சு. முழுவேகத்தில் ஓடவில்லை, பத்தில் ஒரு பங்கில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். வந்தவர்கள் ஒருத்தரும் அது ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒன்றரை நிமிஷம் அரைமணி நேரமாவது எப்படி? பத்தரை மணிக்கு மறுபடி சோதனை ஃபைலை இழுத்தாள். பாதி வந்து நின்றது, நகர்ந்தது, திரும்ப நின்றது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் பழையபடி ஒன்றரை நிமிஷம். மூன்று மணிக்கு மறுபடி தகராறு.

"பத்து மணிக்கு இங்க என்ன போடுறீங்க?" என்று முனீஸைக் கேட்டாள்.

"எல்லாந்தான்க்கா ஓடுது. கியூரிங் மெஷின், கம்ப்ரசர்..."

கியூரிங் மெஷின் என்பது அச்சடித்த துணியைச் சூட்டில் காயவைக்கிற நீளமான அடுப்பு. அதன் வாயில் துணியை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவன் பிகாஷ், ஒடிசாக்காரன். அவனிடம் போய்க் கேட்டாள்.

"பத்து மணி ஆன், அக்கா. ஒரு மணி ஆஃப். ரெண்டு மணி ஆன்" என்று விரலை மடக்கிச் சொன்னான். "முதல் அந்தப் பக்கம் இருந்துச்சு. பொங்கல் முடிச்சு இங்க வந்துச்சு."

பொங்கல் முடிந்து மூன்று மாதம். அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள். மெஷினின் புகைக்குழாய் கூரை வழியாக வெளியே போகிற இடத்தில், குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறக் கேபிள் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, மெஷின் சூடாகும் முன்பே வந்து ஏணி போட்டு ஏறினாள். கீழே முனீஸ் பிடித்துக்கொண்டான். கூரைக்கடியில் நேற்றைய சூடு இன்னும் அடங்கவில்லை. கேபிளின் மேல்தோல் பாகாக இளகி இறுகியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புடைப்பு. கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. யாரோ கேபிள் பற்றாமல் இரண்டு துண்டை முறுக்கி இணைத்திருக்கிறார்கள். டேப்பின் பசை சூட்டில் வழிந்து உள்ளே கம்பி நெகிழ்ந்திருந்தது. மெஷின் அதிரும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

எவன் செய்த வேலை இது என்று நினைத்துக்கொண்டே டேப்பைப் பிரிக்கப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். ஒட்டின் இரண்டு பக்கமும், இழுபட்டாலும் பிரியாதபடி, பனியன் தைக்கிற வெள்ளை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கேபிள் வேலையில் நூல் கட்டுகிறவர்கள் கிடையாது. செக்கிங் மேஜையிலிருந்து புதிதாக இந்த வேலைக்கு வந்த ஒருத்திதான் அப்படிக் கட்டுவாள்.

எல்லாம் வரிசையாக நினைப்புக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேபிள் பத்தடி குறைந்தது. கடை திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பட்டறை ஓடியாக வேண்டும். கையிலிருந்த துண்டை இணைத்தாள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. அன்றைய ஸ்விட்சுக்கு நாலு கம்பி போதும். நாலை மட்டும் முறுக்கிவிட்டு மிச்சம் நாலை வெட்டிவிட்டாள். நாளைக்கு வந்து முழுசாக மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தாள். மறுநாள் வேறு கம்பெனியில் கூப்பிட்டார்கள். இன்றைய வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தது அதனால்தான்.

"என்னக்கா, ஏதும் தெரியுதா?" என்று கீழேயிருந்து முனீஸ் கேட்டான்.

இடுப்பில் கட்டர் இருந்தது. ஒட்டை வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சூட்டில் கேபிள் போய்விட்டது என்று சொன்னால் முடிந்தது. அதுவும் பொய்யில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏணியின் மேல்படியில் நின்றபடி அவள் அதை யோசித்தாள். கீழே பார்த்தாள். முனீஸ் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"தெரியுது. முதலாளியைக் கூப்பிடு" என்றாள்.

செங்கோட்டையன் வந்தார். அனுசுயா ஒட்டோடு அந்த ஒரு முழக் கேபிளை வெட்டி இறங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதாங்க சார் கோளாறு. இந்த ஒட்டைப் போட்டது நான்தான். அன்னிக்குக் கேபிள் பத்தல. மாத்தணும்னு இருந்தேன், வரவே இல்ல. உங்க சர்வருக்கு ஒண்ணும் இல்ல. டிசைன் ரூம்ல உள்ளவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

செங்கோட்டையன் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் முடிச்சை நகத்தால் தட்டினார்.

"பதினோரு வருசம் தாங்குச்சுங்களா இது?"

"தாங்குச்சுங்க. ஆனா போட்டது தப்பு."

அவர் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். "மெசினைக் கொண்டாந்து இதுக்கு அடில நிறுத்துனது நானுங்க. மேல ஒசரத்துல என்ன போகுதுன்னு ஒருக்காக்கூடப் பாக்கல. அப்பறம் உங்களைய மட்டும் சொல்லி என்னுங்க பண்றது?" என்றார். முனீஸ் பக்கம் திரும்பினார். கொட்டகையில் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமலேதான் சொன்னார்.

"முனீசு, நான் வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு."

முனீஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "சரிங்க முதலாளி" என்று ஏணியை மடக்கத் தொடங்கினான். ஏணி மடங்கவில்லை. பிகாஷ் வந்து கொக்கியைத் தட்டிவிட்டான்.

சனிக்கிழமை வரை பழையபடி பென்டிரைவ் நடைதான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. அனுசுயா இளங்கோவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கேபிளைக் கொட்டகைக்குள் விடவே இல்லை. வெளிச்சுவரில், சன்ஷேடுக்கு அடியில், வெயிலும் சூடும் படாத பக்கமாகக் குழாய் பதித்து அதற்குள் இழுத்தாள். நூற்றெழுபது அடி, ஒரே துண்டு.

"இந்தத் தடவை நூல் வேணுமா? ஒரு நூல்கண்டே கொண்டாந்திருக்கேன்" என்றான் இளங்கோ, ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"வாயை மூடிக்கிட்டு ஏணியப் பிடிங்க" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியையும் வரிசை பார்த்துச் சொருகி அழுத்தினாள். ஸ்விட்சில் ஆரஞ்சு போய்ப் பச்சை வந்தது. சோதனை ஃபைல் பத்து விநாடியில் வந்தது. பட்டறையிலேயே தங்கியிருந்த பிகாஷிடம் கியூரிங் மெஷினையும் போடச்சொல்லி ஒருமணி நேரம் ஓடவிட்டு மறுபடி பார்த்தாள். அதே பத்து விநாடி. உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த செங்கோட்டையனுக்குப் போனில் சொன்னாள். "அப்ப சர்வர் வேண்டாமுங்களே?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு முனீஸ் கூப்பிட்டான். "ஏக்கா, பன்னெண்டு கலர் டிசைன். டீ வாங்கிட்டு வந்து உக்காருவோம்னு எந்திரிச்சேன், அதுக்குள்ள தொறந்திருச்சு. டீக்குப் போகவா வேண்டாமான்னு தெரியல."

"போயிட்டு வா. அந்த இன்னொரு கம்பெனி என்னாச்சு?"

"வரலன்னு சொல்லிட்டேன்க்கா."

அனுசுயாவுக்கு அந்த வாரம் முழுக்க ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆரம்ப வருஷத்தில் இன்னும் எங்கெங்கே கேபிள் குறைந்தது? பழைய நோட்டைப் புரட்டி ஏழு இடம் எழுதினாள். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் யாரும் கூப்பிடாமலே போனாள். இரண்டு கம்பெனிகள் மூடியிருந்தன. மூன்று இடத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. ஒரு இடத்தில் ஒட்டு இருந்தது, மாற்றினாள்.

கடைசியாகப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோழித்தீவன மில். ஆபீஸில் வேலாத்தாள் என்ற கணக்குக்கார அம்மாள் மட்டும் இருந்தார்.

"எங்குளுக்கு ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்களே. நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"ஓடுதுங்க. நல்லா ஓடும்போதே ஒருக்காப் பாத்துடலாம்னு வந்தேன். ஏணி இருக்குங்களா?"

வேலாத்தாள் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடோன் பக்கம் திரும்பி ஏணி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல மோர் குடிங்க அம்மணி" என்றார். அனுசுயா தோளிலிருந்த கேபிளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.