நாலாம் கொம்பியூட்டரில அமெரிக்க அரசாங்கம்

இன்ரநெற் கடைக் கல்லாவில நிண்டவைக்குத் தெரியும், மெசின் பழுதாகிறதை விட ஆக்கள் சந்தேகப்படுறதுதான் பெரிய கரைச்சல். லண்டன் கோலியர்ஸ் வுட்டில அப்பிடி ஒரு கடையில நானும் நிண்டனான். நீங்களும் இப்பிடிப் பட்டிருப்பியள், வாசியுங்கோ.

சும்மாவோ?

நாலாம் கொம்பியூட்டரில வழக்கமா இருக்கிற தவம் அண்ணைக்குப் பெற்றோல் அடிக்கிற செற்றில வேலை. கலியாணம் கட்டின கையோட, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரர் அவரை லண்டனிலையும் மனுசி வசந்தியை நியூ ஜேர்சியிலையும் இறக்கிப்போட்டாங்கள். வசந்தி அக்கா அமெரிக்க சிற்றிசன் சோதினை பாஸ் பண்ணினா இவரைக் கெதியாக் கூப்பிடலாம். அவவுக்குக் கொம்பியூட்டர் எண்டால் பயம். அதால அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றி இன்ரநெற்றில காசு வாங்காமச் சும்மா குடுக்கிற பாடத்தை இவர் இஞ்ச இருந்து படிச்சு, போனில அவவுக்குச் சொல்லிக் குடுப்பார்.

எங்கட முதலாளி சந்தேகம் வந்தா மூக்காலதான் கதைப்பார். வந்தார், ஸ்கிரீனை எட்டிப் பாத்தார், மூக்கு வேலை துவங்கிச்சு: "சும்மாவோ? ஊரில ரியூசன் மாஸ்ரரும் முதல் கிழமை சும்மாதான் படிப்பிச்சவர், தவம்!"

கொங்கிரஸ்

ஆர் சட்டம் போடுறது எண்டு ஒரு கேள்வி. விடை, கொங்கிரஸ். தவம் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "டேய், அது கட்சியெல்லோ?" எண்டார். எனக்கென்ன தெரியும்? பக்கத்து மெசினில இருந்த மெட்ராஸ் பெடியன், "ஆமாண்ணே, எங்க ஊர்லயும் அது கட்சிதான்" எண்டு எரியிற நெருப்பில எண்ணெய் விட்டான்.

அண்ணை கதிரையைப் பின்னால தள்ளினார். "எலெக்சனில தோத்தாலும் அவங்கள்தான் சட்டம் போடுவாங்களாம், இதுக்குள்ள சனநாயகம் எண்டு வேற எழுதிக் கிடக்கு!"

ஆயுதம்

அடுத்த பாடத்தில, அமெரிக்கருக்கு என்ன உரிமை இருக்கெண்டு கேட்டிருந்தது. சரியான விடை, ஆயுதம் வச்சிருக்கிற உரிமை. அண்ணை மவுசில இருந்து கையைச் சுட்டமாதிரி எடுத்தார். அவற்ற அகதி கேஸ் இன்னும் முடியேல்லை.

"தம்பி, அந்த விடையை நீ அமத்து."

"எனக்கும் கேஸ் கிடக்கு, அண்ணை."

கடைசியில அண்ணை வேணுமெண்டே வேற விடையை அமத்தினார். பிழையெண்டு சிவப்பில வந்தது. அவற்ற முகத்தில ஒரு நிம்மதி! "சிவப்பில வரட்டும். நாங்கள் ஆயுதத்தைத் தொடேல்லை எண்டதுக்கு இனிக் கொம்பியூட்டரே சாட்சி!"

வாய்ச் சோதினை

சோதினைக்கு முதல் கிழமை, பாடத்தில வாற அமெரிக்க ரீச்சர் அம்மாவின்ர குரலில நான் போனில கேள்வி கேட்டன். "வெரி குட், வசந்தீ!" எண்டு குழைவன். அண்ணை தேத்தண்ணியும் கையுமாப் பக்கத்தில இருப்பார். அந்நிய ஆம்பிளை எண்டா அவ வெக்கத்தில வாய் திறக்கமாட்டா எண்டு, "இது கொம்பியூட்டர் கதைக்குது" எண்டு அண்ணை சொல்லிப்போட்டார்.

சோதினை அண்டைக்குக் கடை போன் அடிச்சது. நான் எடுத்து ஸ்பீக்கரில போட்டன். "பாஸ்!" எண்டா வசந்தி அக்கா. அண்ணை குந்தியிருந்து அழுதே போட்டார். அழுது முடியும் மட்டும் அவ பொறுத்திருந்தா.

"இஞ்சருங்கோ, இனி நான் கேக்கிறன், நீங்கள் பதில் சொல்லுங்கோ. கொம்பியூட்டர் எங்கயாவது, 'அண்ணை, தேத்தண்ணி ஆறுது' எண்டு சொல்லுமோ? ஆர் அவள்?"

அமெரிக்கா அவவை ஒரே நாளில நம்பிச்சு, அவ தவம் அண்ணையை நம்பத்தான் நான் ஒரு முழு போன் காட் காசு முடியுமட்டும் அதே பொம்பிளைக் குரலில கதைச்சுக் காட்டவேண்டி வந்தது.