சென்டாய் அல்ல, இஷினோமாக்கி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் கிறிஸ்துநாயகத்தைத் தெரியாத தமிழர் குறைவு. ஹீத்ரோவில் முப்பது வருடம் சரக்கு ஏற்றி இறக்கியவர். விமானம் இறங்காத ஊர் அவருக்கு ஊரே இல்லை. போதாக்குறைக்கு, மன்னாரில் எந்தக் குக்கிராமத்தில் பிறந்தாலும் 'மன்னார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம்மவர் பழக்கம் வேறு.

மகன் டெனுசன் ஆங்கிலம் படிப்பிக்க வட ஜப்பானுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தான்.

"நான் இருக்கிறது இஷினோமாக்கி, அப்பா. கித்தகாமி ஆறு கடலிலை விழுற இடம்."

"உந்தப் பேர் இங்கை ஆருக்கு விளங்கும்? பக்கத்திலை பெரிய ஊர் என்ன?"

"சென்டாய்."

அன்றிலிருந்து மாதா கோவிலிலும் கடையிலும் டெனுசன் சென்டாய்க்காரன்தான். பிறகு அவனும் தாய் றோஸ்மலரிடம் அப்படியே சொல்லப் பழகிவிட்டான்.

2011 மார்ச்சில் அங்கே கடல் ஊருக்குள் ஏறியது. கிறிஸ்துநாயகம் உதவி கேட்டுத் தூதரகத்துக்குப் போன் எடுத்தபோது, மகன் எந்த ஊரில் என்று கேட்டார்கள். வாய்ப்பழக்கத்தில் "சென்டாய்" என்றார். ஆறு நாள் சென்டாய் முகாம்களில் அவன் பெயரைத் தேடினார்கள். பதற்றத்தில் புத்தி மழுங்கிப்போன மனிதருக்கு மற்றப் பெயர் ஏழாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் இஷினோமாக்கியில், ஆற்றோரம், உடல் கிடைத்தது.

"சுத்திப் பார்க்கப் போன இடத்திலையாம்," என்று மனைவியிடம் பொய் சொன்னார்.

அதன் பிறகுதான் வரைபடம் வாங்கினார். கித்தகாமி வடக்கே மலையில் பிறந்து, மொரியோக்கா நகரத்தைக் கடந்து, தெற்கே நெடுந்தூரம் ஓடிக் கடலைச் சேர்கிறது. சென்டாய்க்குள் ஓடுவது ஹிரோசே, அது வேறு ஆறு. எல்லாம் மனப்பாடம். யாருக்குப் பிரயோசனம்? பதினைந்து வருடம் அந்தப் பாவத்தைத் தனியே சுமந்தார்.

இந்த மார்ச்சில், மகனின் நினைவுப் பூசைக்காகக் கோவிலில் கொடுக்கும் தாளில் றோஸ்மலர் வழமைபோல 'சென்டாயில் இறந்த' என்று எழுதத் தொடங்கினாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"அவன் சுத்திப் பார்க்கப் போகேல்லை, றோஸ். இஷினோமாக்கியிலைதான் அவன்ரை வீடு. எனக்கு அது தெரியும். ஊரை மாத்திச் சொல்லி, ஆறு நாள் பிழையான இடத்திலை தேட வைச்சது நான்தான்."

றோஸ்மலர் தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஆறு நாளும் பிள்ளை உயிரோடை கிடந்தவனோ?"

அதைத்தான் அவர் இத்தனை வருடமும் தன்னையே கேட்டுச் செத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது, றோஸ்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு, எழுதியதை வெட்டினாள்.

"பேரைச் சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ."

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதினாள். கடைசிவரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.