காதைத் தொட்டால் புத்தர்

இதை எழுதலாம் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. பத்தாவது வரை படித்த ஒருத்தி எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு கூச்சம். அடங்கிப் போன பேச்சை நாமே எதற்குக் கிளற வேண்டும் என்று இன்னொரு பக்கம் பயம். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது எழுதிவிடலாம் என்று தோன்றும். சோறு வடிக்கிற நேரத்துக்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். போன வாரம் என் மகள் கேட்ட கேள்வி இல்லையென்றால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

மகள் பத்தாவது படிக்கிறாள். கூடத்தில் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு, மஞ்சள், பச்சை, ரோஸ் என்று பேனாக்களால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏம்மா, நீ பாத்து எழுதித்தான் பத்தாவது பாஸ் பண்ணுனியா? அத்தை சொன்னாங்க."

அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. கெட்ட மனசுக்காரி இல்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் யாரோ சிரித்துக்கொண்டு சொன்னதை அவளும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். "இல்லை" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமே. அதைச் சொல்ல எனக்கு வாய் போதாது, இரண்டு கைகளும் வேண்டும். கை முழுக்க மொச்சைத் தோல். அப்புறம் சொல்கிறேன் சாமி என்று எழுந்து போய்விட்டேன்.

அவள் பள்ளிக்கூடம் போனபின் அந்த நோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுக் காகித வாசனை. எங்கள் நோட்டில் கஞ்சி வாசனைதான் வரும். நூலுக்குப் போடுகிற கஞ்சி, அதோடு கொஞ்சம் மிஷின் எண்ணெய். ஆட்டையாம்பட்டிப் பக்கம் தறிப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யாரும் அந்த வாசனையை மறந்திருக்க மாட்டார்கள்.

பத்தாவதில் நான் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் தோற்றேன். தோற்காமல் என்ன ஆகும்? இமயமலைச் சரிவில் பருத்தி நன்றாக விளையும் என்று எழுதி வைத்துவிட்டு வந்தவள் நான். எங்கள் தெருவிலேயே இருந்த பூங்கொடியும் அதே இரண்டு பாடங்களில் தோற்றாள். இரண்டு பேரையும் ஒரே பட்டறையில் எதிரெதிர் தறியில் விட்டுவிட்டார்கள்.

அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று தெரிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அப்பா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "ஒருக்காத்தான் சாமி. இந்தத் தடவ எழுதிக்க. அதுக்கப்பறம் பொஸ்தகம்னு பேச்சே எடுக்கப்படாது" என்றார். பூங்கொடிக்கு அப்பா இல்லை. அவளுடைய அம்மா முறுக்குச் சுற்றப் போகிறவர். எழுதுகிற மட்டும் எழுது என்று சொல்லிவிட்டார். பூங்கொடிக்கு அங்கன்வாடி டீச்சர் ஆக ஆசை. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். எனக்கு என்ன ஆக ஆசை என்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குப் பாஸ் ஆக ஆசை. அதைத் தாண்டி யோசித்ததில்லை.

படிக்க நேரம் ஏது? பகல் முழுக்கத் தறி. தறிக்குப் பக்கத்தில் காகிதம் கொண்டுவரக் கூடாது, காற்றில் பறந்து நூலில் சிக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வாய்விட்டு ஒப்பிக்கலாம் என்றால், தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அடி அப்படி. வீட்டுக்கு வந்தும் நாங்கள் சத்தமாகத்தான் பேசுவோம். "ஊட்டுக்குள்ள இருக்கறவ செவிடா?" என்று அம்மா கேட்பாள்.

அதனால் பட்டறையில் எல்லாமே கைப்பேச்சுதான். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் இழை அறுந்துவிட்டது. சண்டைகூடக் கையால்தான் நடக்கும், சமாதானமும் அப்படியே. இந்தப் பேச்சு எல்லோருக்கும் தெரியும். பூங்கொடிதான் அதில் பாடத்தைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பாஸான ஒரு பெண்ணின் நோட்டை வாங்கி ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டோம். வீட்டில் படிப்பது, மறுநாள் தறியில் நின்றபடி கையால் ஒப்பிப்பது. பட்டறையே எங்களுக்குத் தமிழ்நாடு ஆனது. மேற்குச் சுவரை ஒட்டிய தறிகள் மேற்குத் தொடர்ச்சி மலை. மோட்டார் சுவிட்ச் பெட்டி மேட்டூர். தறிகளுக்கு நடுவே உள்ள நடைபாதை காவேரி. அதில் நடந்து போகும்போது பவானி வந்து சேருகிற இடத்தில் இடது கையை வலது கையோடு சேர்ப்போம். ஜேடர்பாளையம் அணைக்கு மட்டும் வயிற்றைத் தடவிக் காட்டுவாள் பூங்கொடி. ஒருமுறை அங்கே போய் மீன் வறுவல் தின்றது அவளுக்கு அப்படி நிலைத்துவிட்டது. பாடத்தில் ஜேடர்பாளையம் கிடையாது, இருந்தாலும் காட்டுவாள்.

அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் என்பதற்குப் புளி தின்ற மாதிரி முகத்தைச் சுளித்து, முதலில் நாடாவுக்குள் போடும் நீல நூல் தாரையும் பிறகு சிவப்புத் தாரையும் தொட வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளுக்குக் ஒவ்வொரு கையிலும் இரண்டு விரல். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவது. அசோகர் போரை விட்டதற்கு, கையிலிருக்கும் நாடாவை மெதுவாகக் கீழே வைப்பது.

பூமி எப்படிச் சுழல்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. தன்னைத்தானே சுற்றுகிறதாம், சூரியனையும் சுற்றுகிறதாம், இரண்டும் ஒரே நேரத்தில். பூங்கொடி தன் அம்மா முறுக்குச் சுற்றுவதைக் காற்றில் செய்து காட்டினாள். மாவை விரலால் முறுக்கிக்கொண்டே வட்டமாகவும் கொண்டுபோவார்களே, அதுதான். முறுக்குவது ஒரு நாள், வட்டம் முடிந்தால் ஒரு வருடம். எத்தனையோ கைமுறுக்குத் தின்றிருக்கிறேன், ஒரு நாளாவது இது தோன்றியதா? அன்றிலிருந்து முறுக்கைக் கடிக்கும்போதெல்லாம் எந்த மாதத்தைக் கடிக்கிறோம் என்று ஒரு நினைப்பு.

புத்தருக்கு முதலில் கண்ணை மூடுவது என்று வைத்தோம். கண்ணை மூடினால் இழை அறுந்துபோகிறது, முதலாளி வந்து நிற்கிறார். அதனால் மாற்றிவிட்டோம். அவருக்குக் காது நீளம் அல்லவா, காதுமடலைத் தொட்டால் புத்தர்.

பரீட்சைக்கு முன்னால் காளிப்பட்டிக் கந்தசாமி கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்தோம். பாஸானால் இரண்டு பேரும் திருச்செங்கோட்டு மலை ஏறி அர்த்தநாரீஸ்வரருக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டோம். அறிவியல் பரீட்சை சுமாராகப் போனது. சமூக அறிவியல் அன்று நான் முன்வரிசையில், பூங்கொடி ஜன்னல் ஓரம். புத்தரின் போதனைகள் கேட்டிருந்தார்கள்.

கேள்வியைப் படித்ததும் என் கை காதுக்குப் போயிருக்கிறது. அதே நேரம் அவள் கையும் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. மேற்பார்வைக்கு வந்த சார் நேரே வந்து என் விடைத்தாளை எடுத்தார், பிறகு அவளுடையதை எடுத்தார். எழுந்து நிற்கச் சொன்னார். ஒருக்காத்தான் சாமி என்ற அப்பாவின் குரல் அந்த அறைக்குள் கேட்டது.

"என்ன சாடை அது?" என்றார்.

பூங்கொடிதான் சொன்னாள். "புத்தருங்க சார்."

"என்னது?"

"காதத் தொட்டா புத்தருங்க. மொதல்ல கண்ண மூடறதுதான் வெச்சிருந்தோமுங்க. மூடுனா இழை அறுந்து போகுதுங்க சார்."

அறையே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார், பட்டறையைச் சொன்னோம். பூங்கொடியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அசோகர் என்றார். அவள் குனிந்து இல்லாத நாடாவைக் கீழே வைத்தாள். நானும் வைத்தேன். பூமி என்றார். இரண்டு பேரும் காற்றில் முறுக்குச் சுற்றினோம். சார் எங்கள் கைகளைப் பார்த்தார்.

"படிச்சிருக்கீங்கன்னு தெரியுது. ஆனா ஒரே ரூம்ல ரெண்டு பேரும் கைய ஆட்டுனா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க" என்றவர், தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என்னை மட்டும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். "இங்க எவ்வளவு வேணா ஆட்டிக்க."

வராந்தாவில் என்னைப் பார்க்க ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கு முன்னால் காவேரியை மேட்டூரிலிருந்து இறக்கினேன், பவானியைச் சேர்த்தேன், தஞ்சாவூர்க் கோயிலைக் கட்டினேன். வரைபடக் கேள்விக்குப் பட்டறையை நினைத்துக்கொண்டு புள்ளி வைத்தேன். நாய் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. உள்ளே பூங்கொடி என்ன ஆனாள் என்று நினைக்கவும் நேரமில்லை.

அதை அவள் பிறகுதான் சொன்னாள். அவளைச் சுற்றி அறை முழுக்கக் கண்கள். கையைத் தூக்கினால் சிரிப்பார்களோ, மறுபடி தாளைப் பிடுங்குவார்களோ என்று பயந்து இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். கை அசையாமல் அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சாடையெல்லாம் கண்டுபிடித்தவளே அவள்தான்.

முடிவு வந்தது. நான் இரண்டிலும் பாஸ். அவள் அறிவியலில் பாஸ், சமூக அறிவியலில் இல்லை. அங்கிருந்துதான் பேச்சு கிளம்பியது. அவள் சாடை காட்டினாள், இவள் எழுதிக்கொண்டாள் என்றார்கள். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அது சீட்டு மாற்றிக்கொண்டதாக ஆனது. அதற்கடுத்த ஊரில் பெரிய ஆபீஸரே வந்து பிடித்தாராம். வராந்தாவை யாரும் சொல்லவில்லை, நாயையும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறை வாசலிலேயே நின்றேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூங்கொடி தார் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? சொன்னாலும் கேட்காது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காதுமடலைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தறி ஓடியதால் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

பாஸானதற்கு வேண்டுதல் கொடுத்துவிடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை. இரண்டு பேராக வேண்டியதை ஒருத்தி போய் எப்படிக் கொடுப்பது? பாதியும் பாதியுமாக நிற்கிற சாமிக்கு அது தெரியாதா? மார்ச் வரை தறியில் நின்று ஒவ்வொரு பாடமாக அவளோடு கையால் ஒப்பித்தேன். மார்ச்சில் அவள் பரீட்சை அறைக்குள் போனதுமே, "எனக்குக் கை ஆடுமுங்க, பாத்துட்டுப் பயந்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். பாஸ் ஆனாள். இரண்டு பேருமாக மலை ஏறி ஒரே தட்டில் விளக்கு வைத்தோம்.

பூங்கொடி இப்போது கெங்கவல்லிப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். நேற்று அவளுக்கு வீடியோ கால் போட்டு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம். காதைத் தொட்டால் புத்தர் என்று அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்க் குரல் நின்றுவிட்டது, படம் மட்டும் ஓடியது. மகள் போனைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தாள். பூங்கொடி அலட்டிக்கொள்ளவில்லை. காதைத் தொட்டாள். நாடாவைக் கீழே வைத்தாள். முறுக்குச் சுற்றினாள். பின்னால் நின்ற வாண்டுகள் எல்லாம் அவளோடு சேர்ந்து காற்றில் முறுக்குச் சுற்றின. இந்தப் பக்கம் நானும் சுற்றினேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று காலை வரலாறு படிக்கும்போது அவள் கை காதுக்குப் போனதை அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

பட்டறை இப்போது இல்லை. இடித்து வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். எங்கள் மேட்டூர் இருந்த இடத்தில் ஏடிஎம். காவேரி ஓடிய இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். புதுத் தறிகளுக்கு நாடாவே கிடையாதாம், ஆட்களும் கையில் போனோடு நிற்கிறார்கள். டீக்குக் கட்டை விரலைக் காட்டினால் இப்போது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தத் தெருவில் போகும்போது அமைதியாகத்தான் இருக்கிறது. என் காதுக்கு மட்டும் அது பழகவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள் என்று தெரியும், சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஆபீஸரைச் சேர்க்காதீர்கள், நாயை விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு கை கதையைச் சேர்த்ததில்தான் ஒரு பெண்ணின் படிப்பு இத்தனை வருடம் களவு என்று பேர் வாங்கிக் கிடந்தது. நடந்தது நான் சொன்னது மட்டும்தான். காதைத் தொட்டால் அது புத்தர்.